டிகம்ப்ரஷன்: அழுத்த நீக்கமா, அழுத்தத் தளர்வா?

நாற்பது மீட்டருக்கும் கீழே செல்லும் சுழியோடிகளின் பேச்சில் ஓயாமல் வரும் சொல் டிகம்ப்ரஷன். ஆழத்திலிருந்து ஏறி வரும்போது உடல்மீதுள்ள அழுத்தம் குறைவதை அது குறிக்கும். ‘டெக்கோ’ என்று அதைச் சுருக்கியும் சொல்வார்கள். தமிழில் இதை ‘அழுத்த நீக்கம்’ என்று எழுதுவதுண்டு. அழுத்தத்தை அமுக்கம் எனச் சொல்லும் ஈழத்து வழக்கில் அது ‘அமுக்க நீக்கம்’ ஆகும். சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் இதில் குறை காண்பது கடினம். ஆயினும் ஆழத்திலிருந்து ஏறி வரும் ஒருவரின் உடலில் நிகழ்வதை ‘நீக்கம்’ தவறாகக் காட்டுகிறது என்பது என் உறுதியான எண்ணம். உயிரோடு தொடர்புடைய சொல் என்பதால் இதைச் சிறிய வேறுபாடு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இலத்தீனில் ‘பிரெமெரே’ என்றால் அழுத்துதல். ‘கோம்’ என்னும் முன்னொட்டோடு சேரும்போது எல்லாப் பக்கமிருந்தும் சேர்த்து நெருக்குதல் என்று பொருள்படும். பஞ்சர்க் கடையில் நிற்கும் கம்ப்ரசர் இந்த வேரிலிருந்து வந்தது. அதன் முன் ‘டி’ சேர்ந்ததும் நெருக்கியதை விடுவித்தல் என்றாகிறது. எப்படி விடுவிப்பது, ஒரே வீச்சிலா, படிப்படியாகவா என்பதை மூலச்சொல் கூறவில்லை. அதனால்தான் சுருக்கிய கணினிக் கோப்பை விரிப்பதற்கும், முதுகுத்தண்டு நரம்பை நெருக்கும் எலும்பை அகற்றும் அறுவைக்கும், கடலிலிருந்து ஏறுவதற்கும் ஆங்கிலம் இந்த ஒரே சொல்லை வைத்துக்கொள்கிறது. தமிழில் முதலாவது விரித்தல், இரண்டாவது நீக்கல். மூன்றாவதற்கு வேறொரு சொல் வேண்டும்.

1670-இல் இராபர்ட் பாயில் ஒரு விரியன் பாம்பைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து, உள்ளிருந்த காற்றைப் பம்பினால் வெளியேற்றியபோது, பாம்பின் கண்ணுக்குள் இருந்த நீர்மத்தில் ஒரு குமிழி அங்குமிங்கும் நகர்வதைக் கண்டு பதிவு செய்தார். அழுத்தம் விரைவாகக் குறைந்தால் உடலுக்குள் குமிழி தோன்றும் என்பதற்கு அதுவே முதல் சான்று. மனிதர்கள் அதை அனுபவிக்க மேலும் 170 ஆண்டுகள் ஆயின. பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் நீர் ஊறும் மணலைத் துளைத்து நிலக்கரிப் படிவத்தை அடைவதற்காக, பொறியாளர் ஜாக் திரிழே இரும்புக் கிணற்றுக்குள் அழுத்தமான காற்றைச் செலுத்தி நீரை வெளியே தள்ளினார். வேலை முடித்து மேலே வந்த தொழிலாளர் சிலருக்கு மூட்டுகளில் கடும் வலி எடுத்ததை 1841-இல் அவர் எழுதினார். 1854-இல் போல், வாத்தெல் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இத்தகைய தொழிலாளரைக் கவனித்து, ‘வெளியேறும்போது மட்டுமே விலை கொடுக்கிறோம்’ என்று எழுதினர். இந்தத் துறையில் இதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் சொல்லப்பட்ட வாக்கியம் வேறு இல்லை.

ஆற்றுப் பாலங்களின் அடித்தளத்துக்காக இறக்கப்பட்ட, அழுத்தமான காற்று நிரப்பிய, அடிப்பக்கம் திறந்த பெரும் பெட்டிகளுக்குப் பிரெஞ்சில் ‘கேசன்’ என்று பெயர். ‘கேஸ்’, அதாவது பெட்டி, என்பதன் பெரிய வடிவம் அது. (பணப்பெட்டியைக் குறித்துப் பின்னர்ப் பணத்தையே குறித்த ஆங்கிலக் ‘கேஷ்’ இந்தப் பெட்டியின் வழி வந்தது. இந்தியச் சிறு நாணயத்தைக் குறித்த இன்னொரு ‘கேஷ்’, போர்ச்சுகீசியர் வாயிலாகச் சென்ற நம் ‘காசு’.) நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கான பெட்டிகளில் வேலை செய்தவர்களுக்கு மருத்துவராக இருந்த ஆண்ட்ரூ சுமித், சிகிச்சை தேவைப்பட்ட 110 பேரின் நிலையைப் பதிவு செய்து, 1873-இல் இதைக் ‘கேசன் நோய்’ என்று குறித்தார். பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாசிங்டன் ரோப்ளிங்கும் 1872-இல் இந்நோயால் முடங்கினார். அவருடைய மனைவி எமிலி அவரது குறிப்புகளை வேலையிடத்துக்குக் கொண்டுசென்றார். 1883-இல் பாலம் திறக்கப்பட்டது.

இந்நோய்க்கு வழங்கும் ‘பெண்ட்ஸ்’ (வளைவுகள்) என்னும் வழக்குச் சொல்லும் அதே காலத்தது. அப்போது நாகரிகப் பெண்கள் இடுப்புக்கு மேல் முன்சாய்ந்து நடந்த பாங்குக்குக் ‘கிரேக்க வளைவு’ என்று பெயர். வலியால் குனிந்து நடந்த பாலத் தொழிலாளரை உடன்வேலை செய்தவர்கள் அந்தப் பெயரால் கேலி செய்ய, கேலியே நோய்ப்பெயராக நிலைத்தது. ஆகவே இதை ‘வளைவு நோய்’ என்று பெயர்த்தால் தமிழில் எதுவும் விளங்காது. ‘முடக்கு’ என்னும் சொல் பொருளில் நெருங்கி வந்தாலும், முடக்குவாதம் வேறொரு நோயைக் குறிப்பதால் குழப்பமே மிஞ்சும். பேச்சில் பெண்ட்ஸ் என்றே இருக்கட்டும்.

குமிழியின் காரணத்தை 1878-இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பேர் தெளிவாக்கினார். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கூடக்கூட நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கொழுப்பிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக ஏறினால் அது நுரையீரல் வழியே திரும்பிவிடும். விரைந்து ஏறினால் இருக்கும் இடத்திலேயே குமிழியாகும்.

எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்பதற்கு விடை தந்தவர் பிரித்தானிய உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பாய்காட், டாமன்ட் ஆகியோருடன் ஆடுகளைக் கொண்டு சோதித்து 1908-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் மையக் கருத்து, மொத்த அழுத்தம் பாதியாகும் வரை ஓரளவு விரைவாக ஏறலாம், அதன் பிறகு நின்று நின்று ஏற வேண்டும் என்பது. ஐம்பது மீட்டரில் ஆறு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. மூன்றாகும் இடம் இருபது மீட்டர். அங்கிருந்து மேலே நிறுத்தங்கள் தொடங்கும். எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கூறும் பின்வந்த அட்டவணைகள் இந்த விகிதத்தைத் திருத்தின. சூரிச்சில் ஆல்பர்ட் பியூல்மன் 16 பகுதிகளாக உடலைக் கணக்கிட்ட முறையே இன்று பல மணிக்கட்டுக் கணினிகளில் ஓடுகிறது. எனினும் படிப்படியாக ஏறுதல் என்னும் அடிப்படை மாறவில்லை. 2005-இல் செங்கடலில் தஹப் அருகே சுழியோடி நூனோ கோமஸ் 318 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிய நேரம் கால் மணி அளவே. ஏறி வருவதற்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆயிற்று.

அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை ‘நீக்கம்’ என்று எப்படிச் சொல்வது? நீக்கம் ஒரே செயலில் முடிவது. பதவி நீக்கம், பெயர் நீக்கம் என்பவை ஓர் ஆணையோடு தீர்ந்துவிடும். ‘குறைப்பு’ சற்று மேல். ஆனால் அதிலும் வேகத்துக்கு வரம்பில்லை. ‘தளர்தல்’ அப்படியல்ல. குழந்தையின் நடையைத் தளர்நடை என்று நம் புலவர்கள் பாடியபோது அடி வைத்து, நின்று, மீண்டும் அடி வைப்பதை அந்தச் சொல்லுக்குள் வைத்தார்கள். 2020-இல் ஊரடங்குத் தளர்வு என்று அரசு அறிவித்தபோது, எல்லாம் ஒரே நாளில் திறக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கட்டம் கட்டமாகத்தான் திறக்கும் என்று மக்கள் கேட்டவுடன் புரிந்துகொண்டார்கள். அதே புரிதல்தான் இங்கும் வேண்டும். ஆகவே செயலுக்கு அழுத்தத் தளர்வு, இடையில் நிற்பதற்குத் தளர்வு நிறுத்தம், நோய்க்கு அழுத்தத் தளர்வு நோய் என்பவற்றை நான் பரிந்துரைக்கிறேன். தளர்வு சோர்வையும் குறிக்குமே என்றால், ‘அழுத்தத்’ என்னும் அடை முன்னே நிற்கும்போது அந்த ஐயத்துக்கு இடமில்லை.

முத்துக்குளித்த நம் முன்னோர் இந்தச் சொல்லைத் தராமல் போனதற்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் மூச்சை அடக்கி ஒரு நிமிட அளவில் மூழ்கி எழுந்தவர் ஒரே மூச்சின் நைட்ரஜனைத்தான் கொண்டுசென்றார்; ஆதலால் இந்நோய் அவருக்கு அரிது. அதே கடலில் இன்று கம்ப்ரசர் குழாய் வழியே காற்றைச் சுவாசித்துச் சங்கு எடுப்போருக்கு நிலைமை வேறு. படகில் கம்ப்ரசர் என்ற சொல் இருக்கிறது, அதன் இணைச்சொல் இல்லை என்பது என்னை வருத்துகிறது.

இதனோடு சேர்த்தே பேச வேண்டிய சொல் உடல்தகுதி. வலிமையுள்ளவருக்கு நிறுத்தங்கள் குறைவாகப் போதும் என்று எண்ணுவது பிழை. எந்த அட்டவணையும் தசைவலிமைக்குக் கழிவு தருவதில்லை. நைட்ரஜன் நீரைவிடக் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கு கரைவதால் உடற்பருமன் கவனிக்கத்தக்கது. பாய்காட்டும் டாமன்டும் 1908-இலேயே இதைத் தனியாக ஆராய்ந்தனர். ஆனால் உழைப்பின் அளவைவிட அது நேரும் வேளையே முதன்மையானது. ஆழத்தில் கடுமையாக நீந்தினால் தசைக்குக் குருதி பெருகி, வாயு கூடுதலாக உள்ளே செல்லும். நிறுத்தத்தில் கை கால்களை மென்மையாக அசைப்பது அது வெளியேற உதவும். கரையேறியவுடன் காற்று உருளையைத் தூக்கிப் படிக்கட்டு ஏறுவது குமிழிகளைத் தூண்டும். இதயத்தின் மேலறைகளுக்கு இடையே பிறப்பிலிருந்தே மூடாத சிறு துளை உள்ளவர்களுக்கு, அதாவது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, அக்குமிழிகள் நுரையீரலைத் தாண்டித் தமனிக்குள் செல்லவும் கூடும். குரோவாசியாவில் 12 சுழியோடிகளைக் கொண்டு நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மூழ்குவதற்கு 24 மணி நேரம் முன்பு செய்த பயிற்சி குமிழிகளைக் குறைத்தது. வெப்பத்திலும் குளிரிலும் வேளையே முதன்மை: ஆழத்தில் மிகுந்த வெப்பமும் நிறுத்தத்தில் குளிரும் சேர்ந்தால் நோய் மிகும் என்று அமெரிக்கக் கடற்படையின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

இன்னொரு சொல்லும் திருத்தத்துக்கு உரியது. நோயுற்றவரை ‘டிகம்ப்ரஷன் சேம்பரில்’ வைத்தார்கள் என்று செய்தி எழுதுகிறோம். அங்கு முதலில் நடப்பது அதற்கு நேர் எதிர். பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் அட்டவணைப்படி, நோயாளியைப் பதினெட்டு மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்துக்கு மீண்டும் கொண்டுசென்று தூய ஆக்சிஜன் கொடுப்பார்கள். ஆகவே அது மறு அழுத்த அறை. கடலில் விடுபட்ட தளர்வு அந்த அறைக்குள் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் நடக்கிறது.