டொமைன் யார் கையில் இருக்கிறது?

கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் ஒரு டொமைனை, அதாவது இணையதளப் பெயரை, சேர்க்கப் போனால், அது நம்முடையதுதானா என்று சரிபார்க்க, வாங்கிய ரசீதைக் காட்டு என்று கேட்பதில்லை. தலையும் வாலும் புரியாத ஓர் எழுத்துக்கோவையைக் கொடுத்து, டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன் பெயர்களுக்கான இணையத்தின் பொதுப் பதிவேட்டில், டிஎக்ஸ்டி ரெக்கார்டு என்ற குறிப்பு வரியாகச் சேர்த்துவிட்டு வரச் சொல்கிறது. மைக்ரோசாஃப்ட் 365-இல் நம் டொமைன் பெயரில் மின்னஞ்சல் வைத்துக்கொள்ளப் போனாலும் இதே கதைதான்.

"இந்த வீடு என்னுடையது" என்று ஒருவர் சொல்கிறார். பத்திரத்தைச் சரிபார்க்க நமக்கு வழியில்லை. "சரி, மொட்டைமாடிக் கொடியில் ஒரு பச்சைத் துண்டைக் காயப்போடுங்கள், தெருவிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறோம். போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் அது படும். ஆனால் மாடிச் சாவி இருப்பவர்தான் போட முடியும். டிஎன்எஸ்ஸும் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதுவதற்கு மட்டும் கடவுச்சொல் வேண்டும். வாடகைக்கு இருப்பவரும் துண்டு காயப்போடலாமே என்று உங்களுக்குத் தோன்றினால், தோன்றியது சரிதான். அதற்கு அப்புறம் வருவோம்.

இணையத்தின் தொடக்க காலத்தில் எந்தக் கணினிக்கு எந்த எண் என்பதெல்லாம் ஒரே கோப்பில் இருந்தது. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் அதைப் பராமரித்தார்கள், மற்றவர்கள் நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொகபெட்ரிஸ் என்ற கணினி அறிஞர் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தபோது, அவரவர் பெயருக்குக் கீழே உள்ளதை அவரவரே எழுதிக்கொள்ளும்படி பிரித்துவிட்டார். இன்றைய உரிமைச் சோதனை முழுக்க அந்தப் பிரிவினைமீதுதான் நிற்கிறது. 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1035 என்ற ஆவணத்தில், முகவரிக்கு ஏ, மின்னஞ்சலுக்கு எம்எக்ஸ் என்று வகைவகையான ரெக்கார்டுகளுக்கு நடுவே, சும்மா ஏதாவது குறிப்பு எழுதிவைக்க டிஎக்ஸ்டி என்று ஒன்றும் இருந்தது. ஒரு பகுதிக்கு 255 பைட் வரை எதை வேண்டுமானாலும் எழுதலாம். வேலையில்லாமல் கிடந்த அந்தத் திண்ணையில்தான் பிற்பாடு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள்.

சோதனை எப்படி நடக்கிறது? நம்கடை.காம் என்று ஒரு டொமைன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சரிபார்க்கும் சேவை, தனக்காக டிஎன்எஸ்ஸில் தேடித் தரும் ரிசால்வர் என்ற சர்வரிடம் "நம்கடை.காமின் டிஎக்ஸ்டி என்ன?" என்று கேட்கும். ரிசால்வர் முதலில் டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரிடம் போகும், அது டாட் காம் சர்வரைக் கைகாட்டும். டாட் காம் சர்வர், நம்கடையின் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் நேம்சர்வர் எது என்று சொல்லும். கடைசியில் அந்த நேம்சர்வர்தான் பதில் தரும். கொடுத்த எழுத்துக்கோவை அதில் இருந்தால் வேலை முடிந்தது.

நடைமுறையில் தகராறு செய்வது இரண்டு இடங்கள். ஒன்று, ரெக்கார்டுகளை எழுதும் பக்கத்தில், அதாவது பேனலில், உள்ள ஹோஸ்ட் என்ற கட்டம். டொமைனுக்கே ரெக்கார்டு போடுவதென்றால் பெரும்பாலான பேனல்களில் அங்கே @ குறி போட வேண்டும். அது தெரியாமல் நம்கடை.காம் என்று முழுப்பெயரையும் எழுதினால், பல பேனல்கள் அதன் வாலில் இன்னொரு முறை டொமைனை ஒட்டிவிடும். ரெக்கார்டு நம்கடை.காம்.நம்கடை.காம் என்ற, யாருமே தேடாத பெயரில் போய் உட்கார்ந்திருக்கும். பேனலில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும். இன்னொரு விதமும் உண்டு: டொமைன் வாங்கியது ஓர் இடம், நேம்சர்வர் இருப்பது க்ளவுட்ஃப்ளேர் போல வேறோர் இடம். வாங்கிய இடத்தில் என்ன எழுதினாலும் அதைப் படிக்க யாரும் வரமாட்டார்கள்.

இரண்டாவது, காத்திருப்பு. "உலகெங்கும் பரவ 48 மணி நேரம் ஆகலாம்" என்று பல பேனல்கள் எச்சரிக்கும். எனக்கு அந்தப் பேச்சே பிடிப்பதில்லை. எதுவும் எங்கும் பரவுவதில்லை. நேம்சர்வர் புதிய ரெக்கார்டைச் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ காட்டத் தொடங்கிவிடும். தாமதம் எல்லாம் ரிசால்வர்கள் பழைய பதிலை நினைவில் வைத்திருப்பதால்தான். எத்தனை விநாடி வைத்திருக்கலாம் என்பதை டிடிஎல் என்ற எண் சொல்கிறது. 3600 என்றால் ஒரு மணி நேரம்.

இதில் ஒரு வேடிக்கை: 'இல்லை' என்ற பதிலையும் ரிசால்வர் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதை 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2308 வரையறுத்தது. ரெக்கார்டு போடுவதற்கு முன்பே ஆர்வக்கோளாறில் 'வெரிஃபை' பொத்தானை அழுத்தினால், அந்த 'இல்லை' காலாவதியாகும்வரை நீங்கள் காத்திருக்க நேரலாம். முதலில் ரெக்கார்டைப் போட்டுவிட்டு, 'டிக்' அல்லது 'என்எஸ்லுக்அப்' கட்டளையால் உங்கள் நேம்சர்வரையே நேரடியாகக் கேளுங்கள். அது சரியாகச் சொன்ன பிறகு பொத்தானுக்குப் போகலாம்.

எல்லோரும் படிக்கலாம் என்றால் திருடிவிட மாட்டார்களா? திருடிப் பயனில்லை. அந்தக் கோவை உங்கள் கணக்கோடு பிணைக்கப்பட்டது. வேறொருவர் அதை எடுத்துத் தன் டொமைனில் போட்டால், தன் தளத்தின் உரிமையை உங்களுக்குத் தூக்கிக் கொடுத்ததாகத்தான் ஆகும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, தளத்தின் முகவரியில் https வர உதவும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும்போதும் இதே உத்திதான்: உங்கள் கணக்குச் சாவியையும் அது அனுப்பும் புதிய கோவையையும் சேர்த்து ஷா-256 என்ற கணக்கீட்டு முறை வழியாக அரைத்து வரும் 43 எழுத்துகளை டிஎக்ஸ்டியில் போட வேண்டும். ஒரு டொமைனின் எல்லாத் துணைப்பெயர்களுக்கும் செல்லும் வைல்டுகார்டு சான்றிதழை அது 2018 முதல் தருகிறது. அதற்கு ஒரு கோப்பைத் தளத்தில் ஏற்றிக் காட்டினால் போதாது, டிஎன்எஸ்ஸில் எழுதிக் காட்டியே ஆக வேண்டும்.

இனி அந்த வாடகைக்காரர். இந்தச் சோதனை நிரூபிப்பது உரிமையை அல்ல, கட்டுப்பாட்டை. 2019 ஏப்ரலில் சிஸ்கோ நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவான டாலோஸின் ஆய்வாளர்கள் 'சீ டர்ட்டில்' என்ற தாக்குதல் பற்றி வெளியிட்ட அறிக்கை இதைக் காட்டியது. 13 நாடுகளில் குறைந்தது 40 அமைப்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. தாக்கியவர்கள் டிஎன்எஸ் ரெக்கார்டுகளை மாற்றும் அதிகாரத்தைக் கைப்பற்றி, அதே பெயர்களுக்கு முறையான சான்றிதழ்களையும் வாங்கிவிட்டார்கள். சான்றிதழ் கொடுத்தவர்களைக் குறைசொல்ல முடியாது. கேட்ட சோதனையில் தாக்கியவர்கள் தேறியிருந்தார்கள்.

நம் பக்கத்தில் நடப்பது இன்னும் சாதாரணமானது. தளம் வடிவமைத்தவரே தன் கணக்கில் டொமைனையும் வாங்கித் தந்திருப்பார். கடை உங்களுடையது, பில் கட்டியது நீங்கள், ஆனால் சர்ச் கன்சோலைப் பொறுத்தவரை அவர்தான் உரிமையாளர். கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டாலும் வேலை பாதிதான் முடிந்தது. கூகுள் அந்த டிஎக்ஸ்டி இன்னும் இருக்கிறதா என்று அவ்வப்போது திரும்ப வந்து பார்க்கும். நீங்கள் போட்டதை அழித்தால் உங்கள் உரிமை போகும். அதேபோல் போனவருடைய கோவையை விட்டுவைத்தால், பட்டியலிலிருந்து அவரை நீக்கிய பிறகும் அவர் மறுபடி சரிபார்த்து உள்ளே வந்துவிடலாம். டிஎக்ஸ்டி பட்டியலில் யாருடையது என்று தெரியாத வரிகள் நாலைந்து கிடந்தால், எது எந்தச் சேவைக்கு, யாருடைய கணக்குக்கு என்று விசாரித்துவிட்டு, தேவையில்லாததை இன்றைக்கே அழிக்கலாம்.