சாரமா, அத்திவாரமா?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு மேல்மாடி அறையில் கணினி வகுப்பு. கட்டளைகளை எழுத்தாக அடித்து இயக்கும் கட்டளைவரியில் ஓடும் சின்னச் செயலி ஒன்றைத் தொடங்கும் பாடம். ஒரு திட்டத்தின் தொடக்கக் கோப்புகளைக் கருவியே எழுதித் தருவதைக் குறிக்கும் ‘ஸ்காஃபோல்டிங்’ என்பதைத் தமிழில் சொல்லிவிடும் ஆசையில், “முதலில சாரத்தக் கட்டுங்கோ, பிறகு எழுதலாம்” என்றேன். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி, “சேர், வீட்ட போய்க் கட்டிக்கொண்டு வரட்டோ?” என்றான். அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

பிழை என்னுடையதுதான். தமிழ்நாட்டார் கைலி, லுங்கி என்பதை நாங்கள் சாரம் என்போம். அது மலாய் மொழியின் ‘சாருங்’. உறை என்று பொருள். மேசன்மார் கட்டும் சாரம் வேறு, ‘சார்’ என்ற வினையிலிருந்து வந்தது. சுவரைச் சார்ந்து நிற்பதால் சாரம். பிழிந்தெடுக்கும் சாரம் வடமொழி வழி வந்த மூன்றாவது சொல். ஆசிரியர் பயிற்சி நூல்களில் வரும் ‘சாரக்கட்டு’ இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. ஆனாலும் கணினியில் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

ஸ்காஃபோல்ட் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். கட்டட மேடை, வேடிக்கை பார்க்கும் மேடை, பின்னாளில் தலை வெட்டும் மேடை என்று பல மேடைகளுக்கும் அதுவே பெயர். நிரலாக்கத்தில் இதைப் பரவலாக்கியது, டென்மார்க்காரரான டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004இல் வெளியிட்ட, இணையச் செயலிகள் கட்டுவதற்கான ரூபி ஆன் ரெயில்ஸ். அது எழுதித் தரும் பக்கங்கள் தற்காலிகமானவை. உங்கள் சொந்த நிரலை எழுத எழுத அவற்றைக் கழற்றிவிட வேண்டும். அங்கே சாரம் என்பது சரியான உவமை. பத்திரகாளி அம்மன் கோவில் கோபுரத்துக்கு வர்ணம் பூசச் சாரம் கட்டினால், கும்பாபிஷேகத்துக்கு முன் அதை அவிழ்த்துவிடுவார்கள்தானே.

பிறகு வந்த தொடக்கக் கருவிகள் அப்படியல்ல. ரஸ்ட் நிரல் மொழியில் ‘கார்கோ நியூ’ என்று அடித்து ஒரு பெயரும் கொடுத்தால் அந்தப் பெயரில் ஒரு கோப்புறை பிறக்கும். உள்ளே திட்டத்தின் பெயரும் பதிப்பும் எழுதிய கார்கோ.டொமல், எஸ்ஆர்சி என்ற உட்கோப்புறை, அதற்குள் மெயின்.ஆர்எஸ். அதில் மூன்றே வரி. ஓடவிட்டால் ‘ஹலோ, வேர்ல்ட்!’ என்று திரையில் விழும். திருத்தங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியமும் கூடவே தயார். கட்டளைவரிச் செயலிகளுக்கென்றே உள்ள சில கருவிகள் உதவிக் குறிப்பு, துணைக் கட்டளைகள், சோதனைக் கோப்புகள் வரை போட்டுத் தரும். இவற்றில் எதையும் யாரும் கழற்றுவதில்லை. அதன் மேல்தான் சுவர் எழும்புகிறது.

அதனால் இதற்கு எங்கள் ஊர்ச் சொல் அத்திவாரம். பைதான்காரர் பாவிக்கும் குக்கிகட்டரை எடுங்கள். பெயர் பிஸ்கட் அச்சு. அது வைத்திருப்பது வார்ப்புரு. கேட்கும் சில கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் முழுத் திட்டத்தையும் அச்சடித்துத் தரும். ஆனால் அந்த வார்ப்புருவைப் பிறகு யாராவது திருத்தினால், அந்தத் திருத்தம் உங்கள் திட்டத்துக்குத் தானாக வராது. போட்ட அத்திவாரம் போட்டதுதான். அறையைப் பெரிதாக்க நினைத்தால் மண்ணைத் தோண்டத்தான் வேண்டும்.

‘சட்டகம்’ என்று சொல்லலாமே என்பார்கள். அது ரெயில்ஸ் போன்ற ஃபிரேம்வொர்க்குக்குப் போய்விட்டது, திரும்பப் பறிக்க ஏலாது. அத்திவாரத்தில் வடமொழி வாடை அடிக்கிறது என்போருக்குக் ‘கடைக்கால்’ இருக்கிறது. நல்ல தமிழ்தான், ஆனால் எங்கள் பக்கத்து மேசனிடம் கடைக்கால் வெட்டச் சொன்னால் கதிரைக் காலைத்தான் பார்ப்பார்.

ஆகவே கருவிக்கு அத்திவாரக் கருவி, வினைக்கு அத்திவாரம் போடுதல். ரெயில்ஸ் செய்வது மட்டும் சாரமாகவே இருக்கட்டும். அடுத்த கிழமை வகுப்பில் இப்படியே சொன்னேன். அதே பின்வாங்குக்காரன் கேட்டான்: “அப்ப நாள் பாக்கத் தேவையில்லையோ, சேர்?”