திரையிடல் அல்ல, சல்லடைச் சோதனை

கர்ப்பிணிகளுக்கான விழிப்புணர்வுத் தாள்களில் ‘ஸ்கிரீனிங்’ என்பதைத் தமிழாக்கி, ‘டவுன் நோய்க்குறி திரையிடல்’ என்று இன்னும் அச்சடித்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்று நாம் திரையிடுவது சினிமாவை. பழைய வழக்கில் திரையிடுவது என்றால் மறைப்பது. தாயின் ரத்தத்தை எடுத்துக் கருவில் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கிறதா (அதுதான் டவுன் நோய்க்குறி) என்று தெரிந்துகொள்ளப் பார்ப்பதற்கு இந்த இரண்டில் எது பொருந்தும்?

ஆங்கில ‘ஸ்கிரீன்’ பிரெஞ்சு வழி வந்தது. அனலைத் தடுக்கும் மறைப்பு அதன் பழைய பொருள். மணலும் நிலக்கரியும் சலிக்கும் பெரிய சல்லடைக்கும் பின்னால் அதுவே பெயரானது. மருத்துவத்தில் வழங்குவது இந்தச் சல்லடைப் பொருள்தான். மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிட்டார்.

திரையிடலாவது புரியாது, அவ்வளவுதான். ‘கண்டறியும் சோதனை’ என்று எழுதுவோர் செய்வது அதைவிடக் கெடுதல், ஏனெனில் அது தவறாகப் புரிகிறது. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் டபுள் மார்க்கர் என்ற ரத்தச் சோதனை எதையும் கண்டறிவதில்லை. ரத்தத்தில் இரண்டு பொருள்களின் அளவு, தாயின் வயது, ஸ்கேனில் கருவின் பிடரி நீர்ப்படலத்தின் தடிமன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வாய்ப்பைக் கணக்கிடுகிறது. ‘1:180’ என்று வந்தால், அதே கணக்கு வந்த 180 பேரில் ஒருவருக்கு டவுன் நோய்க்குறி உள்ள குழந்தை இருக்கலாம், 179 பேருக்கு இல்லை என்று பொருள். ஆனால் 1:250-ஐ எல்லையாக வைத்திருக்கும் ஆய்வகம் இதற்குப் பக்கத்தில் சிவப்பில் ‘அதிக ஆபத்து’ என்று அச்சடித்துத் தரும். மேலே ‘கண்டறியும் சோதனை’ என்றும் இருந்துவிட்டால், அந்தத் தாயின் ராத்தூக்கம் போச்சு.

1997-இல் ஆய்வாளர் டென்னிஸ் லோவின் குழுவினர் தாயின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏ மிதப்பதைக் காட்டினார்கள். அதிலிருந்து பிறந்த என்ஐபிடி சோதனையைப் பத்தாம் வாரத்திலிருந்தே செய்யலாம், மிகத் துல்லியமானது. ஆனால் அந்த டிஎன்ஏ பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது; குழந்தையிடமிருந்து நேராக வருவதில்லை. ஆகவே அதுவும் சல்லடைதான். உறுதி செய்ய நஞ்சுக்கொடித் திசுவோ பனிக்குட நீரோ எடுத்துப் பார்க்க வேண்டும்.

‘வடிகட்டல்’ என்று சிலர் முன்வைக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. வடிகட்டுவது என்றாலே கசடை வெளியே வீசுவது என்றுதான் நம் காதில் விழுகிறது; ஒரு குழந்தையைப் பற்றிய பேச்சில் அந்தச் சொல் வேண்டாம். ‘சலிப்புச் சோதனை’யில் அலுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். சல்லடைச் சோதனை என்றால் சிக்கல் இல்லை. சல்லடை போட்டுத் தேடுவது நம் வழக்கில் ஏற்கெனவே இருக்கிறது. மாவு சலித்தவர்களுக்குத் தெரியும், மேலே தங்குவதெல்லாம் கல் இல்லை, கட்டி தட்டிய மாவும் தங்கும். கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இதே தாள்களில் ‘பாசிட்டிவ்’ என்பதை ‘நேர்மறை’ ஆக்குகிறார்கள். நேர்மறை எண்ணம் என்று நல்லதற்குச் சொல்லிப் பழகிய பெண், முடிவு நேர்மறை என்றால் மகிழத்தானே செய்வாள்? ‘வாய்ப்பு கூடுதல்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? என்ஐபிடியின் ‘நான்-இன்வேசிவ்’ என்பதைப் பெயர்த்து, அதற்கு ‘ஆக்கிரமிப்பு அல்லாத சோதனை’ என்று ஒரு பெயர். ஆக்கிரமிப்பு நிலத்தில் நடப்பது. வயிற்றில் ஊசி குத்தாமல் தாயின் கையிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்வது என்று ஒரு வரி எழுதினால் போதும். இந்தத் தாள்களை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு கர்ப்பிணியிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும்.