கிலோமீட்டரை வகுத்தால் பயண நேரம் கிடைக்காது

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுப்பது என் தொழில். டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே சுமார் 12,400 கி.மீ. என்று இணையத்தில் பார்த்து, அதை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, "14 மணி நேரத்துக்குள் போய்விடலாமே, நீங்கள் ஏன் கூடுதலாகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம்.

இணையம் காட்டும் அந்தத் தூரம், பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் மட்டுமே. ஆர்க்டிக் பகுதி வழியாகச் செல்லும் அந்தக் கோட்டின் மீதே விமானம் பறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே டெல்லி–சான் பிரான்சிஸ்கோ சேவையை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியபோது, தூரம் ஏறத்தாழ 1,400 கி.மீ. கூடி 15,300 கி.மீ. ஆனது, பயண நேரமோ கூடுவதற்குப் பதிலாகக் குறைந்து, சுமார் 14½ மணி நேரத்தில் விமானம் தரையிறங்கியது. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் வேகமான காற்றோட்டம், குளிர்காலத்தில் சில இடங்களில் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும் என்பதால், அதை முதுகில் வாங்கிக்கொண்டு சுற்றிப் போவது, எதிர்த்துக்கொண்டு நேராகப் போவதைவிட லாபமாகிவிடுகிறது.

காற்றைப் போலவே அரசியலும் பாதையை வளைக்கிறது. 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் 9½ மணி நேரத்தில் சென்ற ஃபின்ஏர் விமானங்களுக்கு 13 மணி நேரம் தேவைப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபின், ஏர் இந்தியாவின் சில வட அமெரிக்க விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியதாயிற்று. ஆகவே, சென்ற ஆண்டு உறவினர் சென்ற நேரத்தை இந்த ஆண்டுப் பயணத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் தேதிக்கு விமான நிறுவனம் தரும் பயண நேரத்தையே பாருங்கள்.

பயணச்சீட்டில் அச்சாகும் மணி அந்தந்த ஊரின் மணி என்பதையும் கவனிக்க வேண்டும். டெல்லியில் அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு, அதே தேதியில் காலை 6 மணிக்கு சான் பிரான்சிஸ்கோ சேர்வதாக இருந்தால், ஜனவரியில் அது 15½ மணி நேரப் பயணம். அமெரிக்கக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டிருக்கும் ஜூலையில் 14½ மணி நேரம்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வேறோர் அமெரிக்க ஊருக்குச் செல்வோர், முதலில் இறங்கும் அங்கேயே குடியேற்றச் சோதனையை முடித்து, பெட்டிகளை எடுத்துச் சுங்கம் கடந்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதால், அடுத்த விமானத்துக்குக் குறைந்தது 3 மணி நேர இடைவெளி வைக்கும்படியே நான் சொல்வேன். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியாகச் சீட்டு எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமானதற்காக இரண்டாவது நிறுவனம் பொதுவாகப் பொறுப்பேற்காது.

இன்சுலின் போட்டுக்கொள்வோர், வீட்டு வாசலிலிருந்து சேருமிடம் வரை ஆகும் மொத்த மணி நேரத்தை எழுதி எடுத்துச் சென்று, மருந்து வேளைகளைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மருந்தைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.