தணலின் பெயர் கொண்ட கல்

கார்பங்கிள் என்னும் சொல்லை இன்று மருத்துவர் வாயிலாகத்தான் கேட்கிறோம். ராஜபிளவை என்று நம்மவர் அஞ்சும் கட்டிக்கு அது பெயர். ஐரோப்பியப் பொற்கொல்லர்களுக்கோ அது பல நூற்றாண்டுகளாகச் சிவப்புக் கல்லின் பெயராக இருந்தது. இலத்தீனில் 'கார்புன்குலுஸ்' என்றால் சிறு தணல். கிரேக்கர் இதே கல்லைக் கரி என்று பொருள்படும் 'ஆந்த்ராக்ஸ்' என்றனர்; வெயிலுக்கு நேரே பிடித்தால் அது கனலும் கரியைப் போலத் தெரியும் என்று பண்டைக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் எழுதியிருக்கிறார்.

கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைக் கொண்டு இட்ட பெயர் என்பதால், மாணிக்கம், ஸ்பைனல், கார்னெட் ஆகிய மூன்று வேறு கனிமங்களும் அதற்குள் அடங்கின. முதல் இரண்டுக்கும் சிவப்பைத் தருவது சிறிதளவு குரோமியம். அல்மண்டைன் என்னும் கார்னெட்டுக்கோ இரும்பு. ஸ்பைனல் மாணிக்கம் அன்று என்பதைப் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரொமே த லீல் 1783இல் பிரித்துக் காட்டினார். பிரிட்டிஷ் அரச மணிமுடியின் முகப்பில் உள்ள 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பைனலே. பெயரை மட்டும் எவரும் மாற்றவில்லை.

இன்று நகைத் தொழிலில் இச்சொல், பட்டை தீட்டாமல் மேற்புறம் குவிந்திருக்குமாறு மெருகிட்ட கார்னெட்டையே குறிக்கிறது. இரும்பு மிகுந்த அல்மண்டைன் ஒளியைப் பெருமளவு விழுங்கிவிடுவதால், கல் தடித்தால் கறுத்துத் தோன்றும். ஆகவே அடிப்புறத்தைக் குடைந்து மெலிதாக்குவார்கள். அப்போது ஒளி கடக்கும் தொலைவு குறைந்து சிவப்பு வெளிப்படுகிறது. இங்கிலாந்தின் சட்டன் ஹூ என்னும் பழைய புதைகுழியில் 1939இல் கிடைத்த நகைகளில், மெல்லிய கார்னெட் தகடுகளின் அடியில் நுண்கோடுகள் பதித்த பொன் தகட்டை வைத்திருக்கிறார்கள். உள்ளே புகுந்த ஒளியை அது திருப்பி அனுப்பும். இடைக்காலத்தார் நம்பியது போல இக்கல் இருளில் தானாக ஒளிர்வதில்லை. ஒளியைச் சிக்கனமாகக் கையாண்ட கம்மியரின் திறமையே அந்தத் தணல்.

ஐரோப்பியரின் குலமரபுச் சின்னங்களில் இச்சொல் கல்லை விட்டு விலகி, நடுக்குமிழிலிருந்து பெரும்பாலும் எட்டுக் கதிர்கள் விரியும் வடிவத்தைக் குறித்தது. மரக் கேடயத்தை வலுப்படுத்த நடுவிலிருந்து விளிம்பு வரை அறைந்த இரும்புப் பட்டைகளே அதன் மூலம் என்று கருதப்படுகிறது. ஜெர்மனியின் கிளீவ்ஸ் பகுதியை ஆண்ட கோமகன்களின் சின்னத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். ஸ்பெயினின் நவார்ரா அரசில் அந்தக் கதிர்களே காலப்போக்கில் பொற்சங்கிலிகளாக மாறின. 1212ஆம் ஆண்டுப் போரில் அறுத்தெடுத்த சங்கிலிகள் அவை என்று ஒரு கதையும் பின்னாளில் சேர்ந்தது. அச்சின்னத்தின் நடுவில் இன்று இருப்பது பச்சை மரகதம்.