சுவருக்கு வண்ணம் போதும், வவுச்சரைப் பாருங்கள்

மார்ச் பிறந்தாலே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "மேடம், மகளிர் தினத்துக்கு எங்க குரூப்ல இருந்து முப்பது பேர் வர்றோம். பசங்களோட ஒரு நாள் இருக்கணும். ஏதாவது ஆக்டிவிட்டி ஏற்பாடு பண்ணுங்களேன்." டிசம்பர் 5 நெருங்கும்போது இன்னொரு சுற்று வரும். 1985-இல் ஐ.நா. பொதுச்சபை தன்னார்வலர்களுக்கென்று குறித்துக் கொடுத்த நாள் அது. நடுவில் இருக்கும் மாதங்களில் என் எண் யாருக்கும் நினைவிருக்காது.

எந்தத் தன்னார்வலரை எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்புவது என்று பார்ப்பதுதான் என் வேலை. இந்த ஆண்டு ஒரே சனிக்கிழமைக்கு, ஒரே குழந்தைகள் இல்லத்தைக் கேட்டு மூன்று மகளிர் குழுக்கள் வந்தன. மூன்றிலும் வழக்கறிஞர்கள், ஆடிட்டர்கள், மருத்துவர்கள், மென்பொருள் துறையினர் என்று எல்லாரும் இருந்தார்கள். மூன்று குழுக்களும் கேட்டது சுவருக்கு வண்ணம் அடிக்க. அந்த இல்லத்தின் நிர்வாகியோ, ஒரு வருடத்து வவுச்சர்களை, அதாவது செலவுச் சீட்டுகளை, இரண்டு ஷூ டப்பாக்களில் திணித்து வைத்துக்கொண்டு, தணிக்கைக்கு எதை எப்படி அடுக்கிக் கொடுப்பது என்று முழித்துக்கொண்டிருந்தார். வண்ணம் அடிக்க வந்த ஓர் ஆடிட்டர் அந்த டப்பாக்களை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். அதற்குமேல் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொழில் செய்யும் பெண்கள் ஒன்றுகூடி அமைப்பு வைத்துக்கொள்வது நூறு வருடப் பழக்கம். சோன்டா 1919-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தொடங்கியது. சொராப்டிமிஸ்ட் 1921-இல் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் தொடங்கியது. வணிக, தொழில்முறைப் பெண்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 1930-இல் ஜெனீவாவில் உருவானது. அந்தக் கால கிளப்களில் தொழில் வாரியாகத்தான் உறுப்பினர் சேர்த்தார்கள். வழக்கறிஞர், மருத்துவர், வங்கி அதிகாரி, பத்திரிகையாளர் என்று பல துறைக்காரர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பது அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. பல தன்னார்வக் கூட்டங்களிடம் இந்த வசதி இல்லை. அதை வீட்டில் வைத்துவிட்டு பிரஷ்ஷோடு கிளம்பி வருவதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது.

சரி, முதலில் "பசங்களோட ஒரு நாள்" விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் உள்ளே இறங்குவதில்லை.

இல்லத்தில் வளரும் ஒரு குழந்தையின் சனிக்கிழமை எப்படி இருக்க வேண்டும்? உங்கள் வீட்டுக் குழந்தையின் சனிக்கிழமை மாதிரி. துணி மடிப்பது, வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போடுவது, சும்மா படுத்துக் கிடப்பது. அதற்குப் பதிலாக, காலையிலேயே தலை வாரி உட்கார வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதே வரவேற்புப் பாட்டைப் பாட வைத்து, கேக் வெட்டும்போது கைதட்ட வைத்து, முன்பின் தெரியாத முப்பது பேர் "உன் பேர் என்ன, அம்மா அப்பா எங்கே" என்று கேட்க விட்டு, மாலையில் எல்லாரும் கையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த வாரம் வேறு முப்பது பேர். ஒட்டிக்கொள்வதும் விட்டுப்போவதும் அந்தக் குழந்தைக்கு வாரச் சடங்காகிவிடுகிறது. "அந்தக் குட்டி என் கையை விடவே இல்லை மேடம்" என்று நெகிழ்ந்து சொல்வார்கள். முதல் முறை பார்க்கும் ஆளின் கையைப் பிடித்து விடாமல் இருக்கும் குழந்தையைப் பார்த்தால் எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு நெகிழ்ச்சி வராது, கவலைதான் வரும்.

இது என்னுடைய சொந்தக் கோபம் மட்டும் இல்லை. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், பெற்றோர் பராமரிப்பில் இல்லாத குழந்தைகளைப் பற்றியது. இல்லங்களில் தன்னார்வலர்கள் வந்து போவதால் குழந்தைகளுக்கு ஏற்படும் தீங்கைத் தடுக்கச் சொல்லி அது வெளிப்படையாகவே பேசுகிறது. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து நிரப்பும் இடங்களும் உலகில் இருக்கின்றன. பார்வையாளர் கூட்டம் இருக்கிற வரை அந்த வியாபாரமும் இருக்கும்.

"நல்லது செய்ய வந்தவங்களை இப்படி விரட்டலாமா?" என்று கேட்பீர்கள். விரட்டவில்லை. பக்கத்து அறைக்கு வாருங்கள் என்கிறேன். அந்த அறையில்தான் ஷூ டப்பா இருக்கிறது.

அந்த அறையில் என்னென்ன வேலை கிடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். கணக்கு தெரிந்தவர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து ரசீதுகளைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தாலே நிதி தரும் அமைப்புகளுக்கு அறிக்கை எழுதுவது பாதி முடிந்த மாதிரி. (ஆடிட்டர்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்: கணக்கு எழுதிக்கொடுப்பவரே தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடக் கூடாது. இலவசமாகச் செய்தாலும் கூடாது. இரண்டு பேராக வாருங்கள், யார் எதைச் செய்வது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.) மனிதவளத் துறையில் இருப்பவர்கள் ஒரு நியமனக் கடிதம், ஒரு விடுப்பு விதி, ஒரு புகார் நடைமுறை எழுதிக் கொடுக்கலாம். பல சிறிய நிறுவனங்களில் இவை எதுவுமே காகிதத்தில் கிடையாது. வாடகை ஒப்பந்தம், அறக்கட்டளைப் பத்திரம், நில விவகாரம் எல்லாவற்றுக்கும் வழக்கறிஞர் வேண்டும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதிகளில் 6.1 என்றொரு விதி இருக்கிறது. ஒவ்வொரு வழக்கறிஞரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது கட்டணமில்லாமல் உழைக்க முயல வேண்டும் என்கிறது அது. மாதக் கணக்கில் பார்த்தால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

மென்பொருள்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. ஒரு நிறுவனத்துக்கு ஒரு பெண் மிகுந்த ஆர்வத்தோடு இணையதளம் செய்து கொடுத்தார். டொமைனை, அதாவது அந்த இணையதள முகவரியை, தன் பெயரில், தன் மின்னஞ்சலில், தன் கார்டு கொடுத்துப் பதிவு செய்தார். அப்புறம் வேலை மாறினார், கார்டு மாறியது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் யாரும் திறக்காத பெட்டியில் சேர்ந்தன. காலாவதியாகி நீக்கப்பட்ட பெயரைத் திரும்ப எடுக்க 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் கேட்க வேண்டும். அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். "நன்கொடை தாருங்கள்" என்று அச்சடித்த நோட்டீஸில் இருந்த முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்தது. அச்சடித்த அத்தனையும் குப்பைக்குப் போனது. டொமைன், கடவுச்சொல், மின்னஞ்சல் கணக்கு எல்லாம் முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து செய்வதற்கும் வேலை உண்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம். பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்வது, கிடங்கில் இருப்பதை எண்ணிப் பட்டியல் போடுவது, நூலக அலமாரியை ஒழுங்கு செய்வது. புகைப்படத்துக்கு அவ்வளவு எடுப்பாக இருக்காது, அவ்வளவுதான். கூடவே இன்னொன்று: நீங்கள் சனிக்கிழமை வந்தால், பூட்டைத் திறந்துவிட ஒரு பணியாளர் தன் வார விடுப்பை விட்டுவிட்டு வருகிறார். பேனருக்கும் டீ-ஷர்ட்டுக்கும் பேருந்துக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் வரத் தோன்றினால் வாருங்கள்.

குழந்தைகளோடுதான் பழக வேண்டும் என்று மனது கேட்டால், வளர்ந்த பெண்களுக்கு வழிகாட்டியாக இருங்கள். இல்லத்தை விட்டு வெளியேறப் போகும் பெண்ணுக்கு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், நேர்முகத் தேர்வு பற்றிக் கேட்க ஓர் ஆள் தேவை. ஆனால் குறைந்தது ஒரு வருடம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட வழிகாட்டித் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்த உறவுகள்தான் அதிகப் பலன் தந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் அந்தப் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பு இருந்ததைவிடவும் குறைந்திருந்தது. பாதியில் விடுவதென்றால் தயவுசெய்து தொடங்கவே வேண்டாம்.

"நேரம் எங்கே இருக்கு?" என்பது நியாயமான கேள்வி. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி, உலகில் சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்குச் செலவாகும் நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது. நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம். ஆண்களுக்கு 1 மணி 23 நிமிடம். அலுவலகமும் முடித்து இதையும் முடித்தவரிடம் ஒரு முழு சனிக்கிழமையைக் கேட்பதே தவறு என்பேன். அதனால்தான் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேரைப் போடச் சொல்கிறேன். ஒருவருக்கு வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மற்றவர் எடுத்துக்கொள்வார், யாரும் குற்ற உணர்ச்சியோடு அலைய வேண்டாம். ஆளுக்கு மாதம் இரண்டு மணி நேரம் போதும், அதிலும் பெரும்பகுதியை வீட்டில் இருந்தே செய்யலாம். இருபது பேர் இருக்கும் குழுவால் இப்படி வருடம் முழுக்க மூன்று நான்கு நிறுவனங்களைத் தாங்கிப் பிடிக்க முடியும்.

குழுத் தலைவிகளிடம் ஒரு கோரிக்கை. வருடா வருடம் தலைவர் மாறுவது உங்கள் விதி, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் புதுத் தலைவர் வந்ததும் பழையவர் தொடங்கியதை மூட்டை கட்டிவிட்டு, "என் காலத்துல ஒரு புது புராஜெக்ட்" என்று கிளம்புவதை நிறுத்துங்கள். நிறுவனங்களோடான தொடர்பை மூன்று வருடப் பொறுப்புள்ள ஒரு சிறு குழுவிடம் ஒப்படைத்துவிடுங்கள். பதவிப் பட்டையை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும்.

மற்றவை சுருக்கமாக. நிறுவனம் உங்கள் பின்னணியைச் சரிபார்க்கக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள், கேட்காத இடத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். குழந்தையின் முகம் தெரியும் படம் எதுவும் உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரக் கூடாது, முகத்தின் மேல் பொம்மை ஸ்டிக்கர் ஒட்டினாலும் கூடாது. நன்கொடையாளர் பட்டியலைச் சொந்த மடிக்கணினியில் வைத்திருக்காதீர்கள். மருத்துவர்கள் முகாம் போடும் முன், அதில் கண்டுபிடிக்கும் நோய்க்கு அடுத்து எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யுங்கள். அது முடிவாகவில்லை என்றால் முகாம் வேண்டாம். வீட்டில் ஒழித்த பழைய துணிகளைக் கேட்காமல் கொண்டுவந்து இறக்காதீர்கள், பிரித்துத் தூக்கிப்போடுவது எங்கள் செலவு. எதைச் செய்வதாக இருந்தாலும், யார், என்ன, எதுவரை என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் போனில் "நாங்க வர்றோம், ஏதாவது குடுங்க" என்று சொல்வதற்குப் பதிலாக, "எங்ககிட்ட இன்னின்ன தொழில் தெரிஞ்சவங்க இருக்காங்க, உங்களுக்கு எதுல சிக்கல்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருங்கள். தங்களுக்கு என்ன தேவை என்று பட்டியல் போடக்கூட அவர்களிடம் ஆள் இருக்காது, வேண்டுமானால் அந்தப் பட்டியல் போடுவதையே உங்கள் முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம். தொடர முடியாத நிலை வந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். காரணம்கூட வேண்டாம். கோப்புகளைத் திருப்பிக் கொடுத்து, அடுத்து வருகிறவருக்கு எங்கே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனால் போதும்.