நாடகப் பிரதிக்கு அரச உதவி: எங்கே தட்டிக் கழிக்கப்படுகிறது?

இலங்கையில் நாடகம் எழுதுகிறவர் அரச உதவி கேட்டுப் போக இரண்டு வாசல் உண்டு. ஒன்று கொழும்பு: கலாசார அலுவல்கள் திணைக்களமும் கலைக்கழகமும். மற்றது மாகாணம்: திருகோணமலையில் உள்ள கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம். பிரதிப் போட்டிக்கோ மேடையேற்ற உதவிக்கோ வரும் அறிவித்தல் எந்த வாசலினுடையது என்று பார்க்காமல் போனால் "இது எங்களுடையதில்லை, அங்கே கேளுங்கள்" என்ற பதில்தான் கிடைக்கும். வெருகலில் இருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. அறிவித்தலின் போட்டோக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே பிரதேச செயலகக் கலாசாரப் பிரிவின் படி ஏறுங்கள்.

கூடுதலான பிரதிகள் வாசிக்கப்படாமலே கழிகின்றன. "30ஆம் திகதிக்கு முன்னர் கிடைக்கக்கூடியதாக" என்று இருந்தால், மூதூர் தபாலகம் 29ஆம் திகதி சீல் குத்தியதைக் காட்டி வாதாட முடியாது. ஒரு கிழமை முந்திப் பதிவுத் தபாலில் போடுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உறையின் இடதுபக்க மேல் மூலையில் போட்டிப் பிரிவின் பெயர் எழுதச் சொன்னால் அங்கேதான் எழுத வேண்டும். பிரதியில் பெயர் வரக்கூடாது என்றால் முதல் பக்கத்தில் அழித்தால் மட்டும் போதாது; கடைசிப் பக்க நன்றியுரையில் மன்றத்தின் பெயரும் கைபேசி இலக்கமும் அப்படியே கிடக்கும்.

"மேடையேறாத, பிரசுரமாகாத" என்ற நிபந்தனையை லேசாக எடுக்காதீர்கள். பாடசாலைத் தமிழ்மொழித் தினத்தில் நடித்ததும் மேடையேற்றம்தான். இரண்டு காட்சியை முகநூலில் போட்டிருந்தாலும் பிரசுரம் என்று தள்ள இடமிருக்கிறது.

அடுத்தது காசு. மேடையேற்ற உதவி பெரும்பாலும் பதிவுசெய்த கலைமன்றத்துக்கே போகும், தனி எழுத்தாளருக்கு அல்ல. மன்றத்தின் பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா, வங்கிக் கணக்கின் பெயர் பதிவுப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். உங்கள் பங்கு எவ்வளவு என்பதைத் தலைவரோடு வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காசு வந்த பிறகு யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

பரிசு கிடைத்த பிரதி என்பதால் மேடையேற்ற அனுமதி தானாக வராது. பொது மேடையேற்றங்களைக் கட்டுப்படுத்தும் 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிரதியைப் பார்வையிடும் சபைக்குத் தனியே அனுப்ப வேண்டும். மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் அந்த வேலையை முடியுங்கள்.

"பிரதிகள் திருப்பி அனுப்பப்படமாட்டா" என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். தாள்தான் திரும்பி வராது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு தேவையில்லை. விண்ணப்பத்தில் "உரிமையைக் கையளிக்கிறேன்" என்று இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடாமல் கேள்வி கேளுங்கள்.

முடிவு தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், புள்ளிப் பட்டியலையும் நிராகரித்த காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். தமிழில் எழுதிய விண்ணப்பத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையைச் சுட்டிக்காட்டி அதே உறையோடு திருப்பி அனுப்புங்கள். அனுப்புமுன் ஒரு கொப்பி எடுத்து வையுங்கள்.